பாலத்தின் மேல் ஒரு விசாரிப்பு

அந்தக் குழாயைக் கீழே வைத்துவிட்டு உட்காருங்கள். நீங்கள் குழாய் வாங்க வரவில்லை. குழாய் வாங்க வருகிறவர் முதலில் விலையைக் கேட்பார். நீங்கள் அதைத் திருகித் திருகி மூடிக்கொண்டே கண்ணாடி வழியாக எதிர்க்கடையைப் பார்க்கிறீர்கள். கல்லாவில் நீலச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே, அவன்தான் நிர்மல், சென்னியப்பனின் மகன். உங்கள் பெண்ணின் ஜாதகம் அவனுக்குப் பொருந்தியிருக்கிறது. சரிதானே?

கூச்சப்படாதீர்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் ஜாதகத்துக்கு அடுத்தது விசாரிப்புதான். பால்காரரிடம் கேட்பார்கள், முடிவெட்டுகிறவரிடம் கேட்பார்கள், கடைசியில் எதிர்க்கடைக்கு வருவார்கள். நாள் முழுவதும் ஒருவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது?

சொல்கிறேன். ஆனால் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. இதே பையனைப் பற்றி உங்களுக்கு முன்னால் ஒருவர் என்னிடம் விசாரித்திருக்கிறார். இங்கே இல்லை, சீனாவில், ஒரு ஆற்றுப் பாலத்தின் நடுவில். சிரிக்காதீர்கள். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் நான் உங்களுக்குப் பொய் சொன்னதாகிவிடும்.

முதலில் எனக்கும் சென்னியப்பனுக்கும் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மோட்டார், பைப் வியாபாரம். எனக்கு டைல்ஸ், சானிட்டரி. தாராபுரத்தில் வீடு கட்டுகிறவர்கள் பாதிச் சாமான் அங்கே வாங்கி, பாதிச் சாமான் இங்கே வாங்குவார்கள். போட்டி கிடையாது. மாமன் மச்சான் முறை. எனக்கு ஒரே மகள், பிருந்தா. அவனை மாமா என்று கூப்பிடுவாள்.

மூன்று வருடம் முன்பு பிருந்தாவுக்கு உடுமலைப் பக்கம் ஒரு வரன் வந்தது. நூல் மில் குடும்பம். பையன் படித்தவன். என்னைப் போன்ற டைல்ஸ் கடைக்காரனுக்கு அப்படி ஒரு இடம் வாய்க்குமா? நிச்சயத்துக்கு மண்டபம் பேசிவிட்டேன். கடைசியாக ஒருநாள் மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்க வந்தார்கள். நீங்கள் என் கடைக்கு வந்த மாதிரி அவர்கள் அவன் கடைக்குப் போனார்கள். நான் இதே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியாகவே இருந்தேன். என் மச்சான்தானே, என்ன சொல்லிவிடப் போகிறான்?

மறுநாள் போன் வந்தது. "ஜாதகத்துல சின்னதா ஒரு இது இருக்குதுங்க. இப்போதைக்கு வேண்டாமுங்க."

ரோட்டைத் தாண்டிப் போய் அவன் கடைப் படியில் நின்றேன்.

"அவங்ககிட்ட என்ன சொன்னே?"

"ஒண்ணும் கெடுதலாச் சொல்லலே மாப்ளே."

சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பைப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த பைப்பையே மறுபடி துடைத்தான். அதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? அன்றோடு பேச்சு நின்றது.

பிருந்தா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்று ராத்திரி தோசை மேல் தோசையாகச் சாப்பிட்டாள். நான் வருத்தப்படக் கூடாது என்று நினைத்திருப்பாள் பாவம். அடுத்த மாதமே பெங்களூரில் வேலை என்று கிளம்பிவிட்டாள். பஸ் ஏறும்போது சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் மகளை இப்படிச் சிரிக்க வைத்தவனை விடக் கூடாது என்று அங்கேயே நின்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்தேனே தவிர என்ன செய்வது என்று தெரியவில்லை. அடிதடி எனக்கு வராது. அவன் வியாபாரத்தைக் கெடுக்கலாம், ஆனால் அது போதாது. அவன் எனக்குச் செய்ததையே அவனுக்குச் செய்ய வேண்டும், அளவு மாறாமல். அதற்காகக் காத்திருந்தேன். காலையில் கடை திறந்ததும் அவன் முகத்தில்தான் விழிப்பேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று வருடம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது.

அப்புறம்தான் இந்தச் சீனப் பயணம். சானிட்டரிக் கம்பெனிகள் அதிகம் சரக்கு எடுக்கிற டீலர்களை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போகும், கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த வருடம் சென்னியப்பனும் என்னைக் கூட்டிப்போன கம்பெனியின் குழாய்களை எடுத்து விற்றிருக்கிறான். எனக்குத் தெரியாது. கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் பார்க்கிறேன், கழுத்தில் கம்பெனி அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறான்.

போன ஊர் சாவோஜோ. பழைய ஊர், ஹான் ஆற்றங்கரையில் கோட்டைச் சுவருக்குள் இருக்கிறது. நம் ஊருக்கு வருகிற பீங்கான் சாமான் நிறைய அந்தப் பக்கத்தில்தான் செய்கிறார்கள். பகலில் ஃபேக்டரி, சாயங்காலம் ஊர் சுற்றுவது என்று ஏற்பாடு. ஹோட்டலில் இறங்கியதும் கம்பெனியின் ஏரியா மேனேஜர், சென்னைப் பையன், ஒரே அறைச் சாவியை எங்கள் இரண்டு பேர் முன்னாலும் நீட்டினான்.

"ஒரே ஊரு, ஒரே தெரு. அதான் சார் சேர்த்துப் போட்டுட்டேன். ஜாலியாப் பேசிட்டு இருக்கலாம்."

அவனிடம் என்ன சொல்ல? மற்ற டீலர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டேன்.

இரண்டு கட்டில், நடுவில் ஒரு விளக்கு. அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் குளிக்கப் போகும்போது செருமினால் பாத்ரூம் அவனுக்கு. வெளியே வந்து செருமினால் எனக்கு. டி.வி. ரிமோட்டை நான் கட்டிலின் அந்த ஓரத்தில் வைத்தால் அவன் எடுத்துக்கொள்வான். சீனக்காரி ஒருத்தி டி.வி.யில் அழுதுகொண்டிருப்பாள், நாங்கள் இரண்டு பேரும் புரிந்த மாதிரி பார்த்துக்கொண்டிருப்போம். காலையில் எழுந்தால் என் பக்கத்து மேஜையில் தண்ணீர் பாட்டிலும் ஒரு பிடி பருப்புப் பொடிப் பொட்டலமும் இருக்கும். அவன் வைத்தது. நான் தொடவில்லை. செய்வதையும் செய்துவிட்டு இப்படி ஒருவனால் இருக்க முடியுமா? முடிகிறதே என்று பார்த்துப் பார்த்து இன்னும் கோபம்தான் வந்தது. அவன் ஒரு தடவை முறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் தணிந்திருக்கும்.

இரண்டாம் நாள் ஃபேக்டரி. கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் வெள்ளை குளோசெட். எங்கள் ஆட்கள் கோயிலில் ஒவ்வொரு சன்னிதியாக நிற்பது போல ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றார்கள். ராசிபுரத்துச் செங்கோடன் என்று ஒரு டீலர், என் வயதுதான் இருக்கும், தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நம்மூர்க்காரன் நிம்மதியா ஒக்காரதுக்கு இத்தனை சனம் இங்க நின்னு வேலை செய்யுது பாருங்." எல்லோரும் சிரித்தார்கள். சென்னியப்பனும் சிரித்தான். அதனால் நான் சிரிக்கவில்லை.

ஃபேக்டரி முதலாளி எங்களைக் குழு குழுவாகப் பிரித்து டீ குடிக்கக் கூப்பிட்டார். எங்கள் மேஜையில் முதலாளி, செங்கோடன், சென்னியப்பன், நான், கூட வந்த வழிகாட்டிப் பெண். உள்ளங்கையில் அடங்குகிற பீங்கான் கெட்டில். கிண்ணங்கள் அதைவிடச் சின்னவை, நம் ஊர்ச் சந்தனக் கிண்ணம் அளவு. ஆனால் கிண்ணம் மூன்றுதான். ஆள் ஐந்து.

செங்கோடன் காதோரம் கேட்டார். "ஏனுங், முதலாளி வீட்ல டம்ளருக்குப் பஞ்சமுங்களா?"

அந்தப் பெண் கைபேசியில் ஏதோ அடித்து, தமிழில் மாற்றிக் காட்டினாள். அந்த ஊர் வழக்கமே அப்படித்தானாம். எத்தனை பேர் வந்தாலும் மூன்று கிண்ணம். முதலில் கிடைத்தவர் குடிக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். அவர் இன்னொருவருக்கு. இப்படி ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் எல்லோரும் குடித்திருப்பார்களாம்.

முதல் கிண்ணம் சென்னியப்பனிடம் வந்தது. அவன் அதை இரண்டு விரலால் பிடித்து என் முன்னால் வைத்தான். ஆவி வந்துகொண்டிருந்தது. மேஜையே பார்த்தது. நான் அதை அப்படியே செங்கோடன் பக்கம் தள்ளிவிட்டேன். வழக்கப்படி அது மரியாதைதான், முதலாளி தலையாட்டிச் சந்தோஷப்பட்டார். அடுத்த சுற்று மறுபடி அவன் எனக்கு வைத்தான். மறுபடி நான் தள்ளினேன். மூன்றாம் தடவையும் அப்படியே. நான் கடைசிவரை அந்த டீயைக் குடிக்கவில்லை. சீனக்காரருக்கு என்னை ரொம்பப் பிடித்துப்போயிற்று. இவ்வளவு விட்டுக்கொடுக்கிற மனிதரைப் பார்த்ததில்லை என்று சொன்னாராம்.

ஆனால் செங்கோடன் நம் ஊர்க்காரர். எங்களுக்குள் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அன்று மதியம் பாலத்துக்குக் கூட்டிப்போனார்கள். அந்தப் பாலம் ஒரு விசித்திரம். இரண்டு கரையிலிருந்தும் கல் தூண் வைத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், ஒவ்வொரு தூணுக்கு மேலும் ஒரு மண்டபம். நடுவில் கல் கிடையாது. படகுகளை வரிசையாகக் கட்டி அதன்மேல் பலகை போட்டிருக்கிறார்கள். பகலில் அதன்மேல் நடந்து அக்கரைக்குப் போகலாம். சாயங்காலம் படகுகளை அவிழ்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பாலம் இரண்டாகிவிடும்.

அந்தப் படகுப் பலகையில் நின்றுகொண்டிருக்கும்போது செங்கோடன் என் பக்கத்தில் வந்தார். முதலில் ஆற்றைப் பற்றிப் பேசினார். நம் அமராவதியில் இத்தனை தண்ணீர் ஓடினால் எப்படி இருக்கும் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தினார்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணுமுங்க. என்ற மகளுக்கு ஒரு சாதகம் வந்திருக்குதுங்க. நம்ம சென்னியப்பன் பையன்துதான். ஊருக்குப் போனதும் உங்க கடைக்கு வரலாமுன்னு இருந்தேன். நீங்களே இங்க கெடச்சுட்டீங்க."

என் காலுக்குக் கீழே பலகை ஆடியது. படகு ஆடியதா நான் ஆடினேனா தெரியாது.

"பையன் எப்படிங்க? குடும்பம்?"

பையன் எப்படி? நிர்மல் குடிக்க மாட்டான். பீடி சிகரெட் கிடையாது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவன். எல்லாம் எனக்குத் தெரியும். அத்தனையும் என் நாக்கு நுனியில் இருந்தது. விசாரிப்பில் எப்படிப் பதில் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியுமே. "நல்ல குடும்பமுங்க, கண்ணை மூடிட்டுக் குடுங்க" என்று சட்டென்று சொன்னால் நல்லது. கொஞ்சம் நிறுத்தி, "எதுக்கும் இன்னொருக்கா பாத்துக்கங்க" என்றால் சந்தேகம். பதிலே சொல்லாமல் பேச்சை மாற்றினால் அதோடு தீர்ந்தது.

நான் ஆற்றைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் பார்த்தேன். அப்புறம் சொன்னேன்:

"இந்தப் படகையெல்லாம் சாயங்காலம் எடுத்துருவாங்களாமுங்க."

செங்கோடன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க," என்றார். "புரிஞ்சுதுங்க." என் தோளைத் தொட்டுவிட்டு நடந்து போனார்.

எதிர் மண்டபத்தில் சென்னியப்பன் நின்று எங்கள் இரண்டு பேரையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். கையை வேறு ஆட்டினான்.

அப்போது எனக்கு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? இனித்தது. மறைக்க மாட்டேன். இது பாவம் இல்லையா, ஒரு பையன் வாழ்க்கை இல்லையா என்று என்னையே கேட்டேன். கேட்டுவிட்டு மனசு கூசும் என்று காத்திருந்தேன். கூசவில்லை. நன்றாகப் பசித்தது. பாலத்து முனையில் ஒரு கிழவர் விற்ற எள்ளுருண்டை மாதிரி ஒன்றை வாங்கி நின்றபடியே தின்றேன். அந்த ஊருக்கு வந்து நான் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றுதான்.

சாயங்காலம் படகு அவிழ்ப்பதைப் பார்க்கக் கோட்டைச் சுவர்ப் பக்கம் எல்லோரும் கூடினோம். மோட்டார் படகு ஒன்று வந்து படகுகளைக் கொத்துக் கொத்தாக இழுத்தது. நடுவில் தண்ணீர் அகன்றது. சென்னியப்பன் என் பக்கத்தில் வந்து நின்றான். மூன்று வருடத்துக்கு அப்புறம் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"மாப்ளே, செங்கோடன் உன்கிட்டக் கேட்டாராட்ட இருக்குது?"

"கேட்டாரு."

"என்ன சொன்னே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் மூன்று வருடம் காத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"ஒண்ணும் கெடுதலாச் சொல்லலே மச்சா."

அவனுக்குப் புரிந்தது. அவன் மூச்சு மாறியதைக் கேட்டேன். சண்டை போடுவான், சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தேன். பிடித்தால் பிடிக்கட்டும் என்றுதான் இருந்தேன். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. "குளிருது, சுவெட்டர் போட்டுக்க," என்று சொல்லிவிட்டு ஹோட்டலுக்கு நடந்தான். தோற்றுப்போய்ப் போகிறான் என்று நினைத்தேன்.

ஊருக்கு வந்த கொஞ்ச நாளில் செங்கோடன் அந்த ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டதாகக் காதில் விழுந்தது. என் வீட்டுக்காரி ருக்மணியிடம் பாலத்துக் கதையைச் சொன்னேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்தச் சனிக்கிழமை பிருந்தா பெங்களூரிலிருந்து வந்து இறங்கினாள். பையைக்கூட உள்ளே வைக்கவில்லை, நேராகக் கடைக்கு வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"அப்பா, அன்னைக்கு மாமாகிட்டச் சொல்லி நிறுத்தினது நான்."

எனக்கு முதலில் விளங்கவே இல்லை.

"அந்த ஆளு பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, நம்ம எல்லார் முன்னாடியும் அவங்கம்மாவ வாய மூடுன்னான். எனக்கு வேண்டாம்னு உங்ககிட்டச் சொன்னேன்."

"எப்பச் சொன்னே?"

"டைல்ஸ் லோடு எறங்கிட்டு இருந்துச்சு. 'போகப் போகச் சரியாயிரும்'னீங்க. மறுபடி சொன்னேன், மண்டபத்துக்காரர் போன்ல இருந்தீங்க. கைய ஆட்டினீங்க. அதுக்கப்புறந்தான் மாமாகிட்டப் போனேன். மாமா கையில இருந்ததக் கீழ வெச்சுட்டு முழுசாக் கேட்டாங்க. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். 'உங்கப்பா என்னத் தப்பா நெனச்சுட்டுப் போறாரு, பரவால்ல'ன்னாங்க மாமா."

அவள் அழுதாள். மூன்று வருடம் முன்பு அழாதவள் அன்றைக்கு அழுதாள், நிர்மலுக்காக. "அவன் என்னப்பா பண்ணினான்?" என்று கேட்டாள்.

ஆக, அவன் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. அப்படித்தானே உங்களுக்குத் தோன்றுகிறது? நீங்களும் மற்றவர்கள் மாதிரிதான். ருக்மணியும் அதைத்தான் சொல்கிறாள். போய்க் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள் என்கிறாள். நான் ராத்திரி எல்லாம் படுத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். மன்னிப்பா? என் மகள் வரனை மட்டும் கெடுத்திருந்தால் மன்னித்திருப்பேன். இன்னொரு வரன் வரும். இவன் எடுத்துக்கொண்டது அது இல்லையே. என் மகள் மனசில் இருப்பது என்ன என்று எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு மூன்று வருடம் எதிரில் உட்கார்ந்திருக்கிறான். ஒரே அறையில் படுத்து, எனக்குத் தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறான். நான் ஏமாளியாக ரிமோட்டைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அவனுக்கு யார் கொடுத்தார்கள் அந்த இடத்தை? நான் அவளைப் பெற்றவன். அவளுக்கு என்ன குறை வைத்தேன்? கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தேன். எனக்கு நேரம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். யாருக்காக ஓடினேன்? நான் எங்கே தப்பு செய்தேன் என்று தேடித்தேடிப் பார்க்கிறேன், எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. முன்பு இருந்த கோபத்துக்காவது ஒரு கணக்கு இருந்தது. அளவு மாறாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? அவனுக்கு மகளும் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தத் தடவை பேச்சை மாற்ற மாட்டேன். பிருந்தா என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கியிருக்கிறாள், யார் வந்து கேட்டாலும் உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று. சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

பையன் தங்கமான பையன். ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. அம்மாக்காரி வாயில்லாப் பூச்சி. கடன் உடன் இல்லை. சென்னியப்பனைப் போல ஒரு மாமனார் இந்த ஜில்லாவிலேயே கிடைக்க மாட்டான். உங்கள் பெண் ஒன்று சொன்னால் கடைக்கு வந்த ஆளை நிற்க வைத்துவிட்டுக் கேட்பான். கேட்டதை உயிர் போனாலும் வெளியே விட மாட்டான்.

உங்களுக்கும் ஒரே பெண் என்றுதானே சொன்னார்கள்? முதலில் சின்னச் சின்ன விஷயங்களை அந்த மாமனாரிடம் சொல்வாள். ஒரு வருடம் போனால் பெரியதையும் சொல்வாள். உங்களிடம் எப்போதும் சொல்லாததை, நீங்கள் கேட்க மறந்ததை, எல்லாம். நீங்கள் போன் செய்தால், நல்லா இருக்கேன் அப்பா என்பாள். நிஜமாகவே நன்றாகத்தான் இருப்பாள். அதற்கு நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள்.

கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள்.